ஐஸ் கம்பெனித் தோட்டத்து அக்கா

அக்கா இறைவனிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலி முடிந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்தக் கட்டுரையை அக்காவின் மூத்த மகன் சேவியர்தான் எழுதுவதாக இருந்தது. நீங்கள்தானே டீச்சர், நீங்களே எழுதுங்கள் சித்தி என்று என் தலையில் கட்டிவிட்டான். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "இத இப்படியே போடணுமா சித்தி?" என்று கேட்டான். போடத்தான் வேண்டும் என்றேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவை நினைத்து நான் பெருமைப்பட்ட நாட்களைவிடப் பொறாமைப்பட்ட நாட்கள் அதிகம். அக்கா மேல் பொறாமை. அக்காவோடு இருந்தவர்கள் மேல் அதைவிடப் பொறாமை. நினைவு மலரில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

அக்கா பிறந்தது தங்கச்சிமடத்தில். அய்யா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எனக்கு ஏழு வயதில் அம்மா காமாலையில் இறந்தார். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று. எட்டாம் வகுப்பில் கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், அந்த வருடத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டார். காலையில் கரையில் நெத்திலி காயப்போடுவார். மதியம் சோறாக்குவார். மாலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பார். நான் ஆசிரியப் பயிற்சி வரை படித்தது அக்கா காயப்போட்ட நெத்திலியில்தான். இதை மறந்தால் நான் மனுஷியே இல்லை.

அக்காவை இராமநாதபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் லாரி ஓட்டினார். தங்கமான மனிதர். இரண்டு பையன்களும் டவுசர் போட்டுத் திரிந்த வயதில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே அக்கா முதல் பஸ்ஸில் பாம்பனுக்குப் போய் மீன் எடுத்துவந்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றார். இருபது வருடத்துக்கும் மேல் விற்றார். பழைய மீனைப் புது மீன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "இன்னைக்கு வேணாம்த்தா, நாளைக்கு வாங்கிக்க" என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவாராம். இப்படித்தான் அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவர் அக்கா ஆனார். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உடன்பிறந்தவள் நான் ஒருத்தி இருக்கும்போது ஊரே அப்படிக் கூப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்? என்னையோ எல்லோரும் டீச்சர் என்பார்கள். மரியாதைதான். ஆனால் டீச்சர் வீட்டு அடுப்படிக்குள் யாரும் உரிமையோடு வந்து உட்காருவதில்லை.

நான் பரமக்குடிப் பக்கம் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் வேறெங்கும் போகாமல் அக்கா தெருவின் கடைசியில் வீடு கட்டினேன். என் வீட்டுக்காரருக்கு அதில் இஷ்டமில்லை. நான் பிடிவாதம் பிடித்தேன். முழங்கால் வலியால் அக்கா கூடையை இறக்கி வைத்திருந்த நேரம் அது. இனி அக்கா எனக்குத்தான், காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து பேசலாம், சின்ன வயதில் பேசாததையெல்லாம் பேசித் தீர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வீடு குடிவந்த அன்று பால் காய்ச்சும் நேரத்துக்கு அக்கா வந்தார். கையெல்லாம் மண். சேலை முந்தானையில் கருவை முள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய் பாலைக் குடித்துவிட்டு, "அங்கன ஆளுக காத்துக்கிட்டு இருக்காக அமலி, வாரேன்" என்று போய்விட்டார். அந்த நிமிடத்தில் தொடங்கியது என் எரிச்சல்.

அங்கே என்பது ஐஸ் கம்பெனி. என் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய பெரிய மனை. ஒரு காலத்தில் மீனுக்கு ஐஸ் அடித்துக் கொடுத்த இடம். மூடிப் பல வருடம் ஆகி, இயந்திரக் கொட்டகை துருப்பிடித்து நின்றது. மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலும் தெருக் குப்பையும். பாம்புக்குப் பயந்து பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். உரிமையாளர் குடும்பம் வெளியூரில் இருந்தது. அக்கா எப்படியோ நம்பர் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறார். விற்கும் வரை என்ன வேண்டுமானாலும் பயிர் செய்துகொள்ளுங்கள், செட்டு மட்டும் போடாதீர்கள் என்றார்களாம். அக்கா வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். மீன் விற்ற கால்களாயிற்றே, எந்த வீட்டில் யார் கிடைப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து கருவையை வேரோடு பிடுங்கிக் கரிமூட்டம் போட்டார்கள். குப்பையை வாரினார்கள். ஆட்டுப் புழுக்கை கொட்டி மண்ணைக் கிளறி, வீட்டுக்கு ஒன்றாகப் பாத்தி பிரித்தார்கள்.

கடற்கரையில் பிறந்தவளுக்குக் கத்தரிக்காயைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேலி செய்தேன். உண்மையிலேயே எதுவும் தெரியாது. முதல் தடவை உச்சி வெயிலில் நாற்று நட்டு அத்தனையும் வாடிப்போனது. உத்தரகோசமங்கைப் பக்கம் விவசாயம் பார்த்துவிட்டு மகன் வீட்டோடு வந்து இருந்த கருப்பையா அண்ணன்தான் பொழுது சாயும் நேரத்தில் நடவேண்டும் என்று கற்றுக் கொடுத்தார். மறு வருடம் வெண்டையும் கொத்தவரையும் புடலையும் காய்த்துத் தொங்கின. முண்டு மிளகாய் சிவந்து கிடந்தது. நான் மட்டும் பாத்தி வாங்கவில்லை. எனக்கு முதுகு வலி என்று சொன்னேன். முதுகில் ஒரு வலியும் இல்லை. பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக அக்காவிடம் போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி வெளியூர் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும். எந்த வீட்டு போரிலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் குழாயில் எப்போதாவது வரும், இல்லையென்றால் குடம் கணக்கில் வாங்க வேண்டும். அதைத் தோட்டத்துக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது. அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் வீடுகளில் அரிசியை முதலில் போர்த் தண்ணீரில் களைவோம், அடுத்து நல்ல தண்ணீரில் களைவோம். முதல் கழுநீர் சாக்கடைக்கு, இரண்டாம் கழுநீரும் காய்கறி அலசிய நல்ல தண்ணீரும் தோட்டத்துக்கு. இதுதான் சட்டம். ஒவ்வொரு வீட்டாரும் காலையில் தங்கள் வாளியைக் கொண்டுவந்து கொட்டகை ஓரத்தில் வரிசையாக வைப்பார்கள். தவறிப்போய் யாராவது முதல் கழுநீரை ஊற்றியிருந்தால்? அதனால் அக்கா ஒவ்வொரு வாளியிலிருந்தும் உள்ளங்கையில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் அந்த வாளி கீழே கவிழும். பாத்தி இல்லாவிட்டாலும் என் வீட்டிலிருந்தும் ஒரு மஞ்சள் வாளி போகும். அதையாவது செய்யாவிட்டால் தெருவில் பேசுவார்களே.

இப்போது ஜமீலாவைப் பற்றி எழுத வேண்டும். பெரியபட்டினத்துப் பெண். கணவர் சவுதியில் இருக்கிறார். எங்கள் தெருவில் வாடகைக்கு வந்தவர். அக்கா பாத்திக்கு அடுத்த பாத்தி அவருடையது. அக்காவைவிட இருபது வயது இளையவர். ஆனால் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் பின்கதவைத் திறந்தால் போதும், சிரிப்புச் சத்தம் சுவர் தாண்டி வரும். என்ன பேசிச் சிரித்தீர்கள் என்று ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன். "சும்மாதான்டி" என்றார். எனக்குச் சொல்லக்கூடாத அந்த சும்மா என்னவோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவுக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டது ஜமீலா. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஜமீலா. தகவல் எனக்கு மறுநாள் வரும். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டால், உனக்கு எதுக்குச் சிரமம் என்பார் அக்கா. சிரமம் கொடுக்காமல் ஒதுக்குவதும் ஒதுக்குவதுதானே.

நான்கு வருடத்துக்கு முன்பு அக்காவின் இளைய மருமகளுக்குப் பிரசவம். அக்கா தூத்துக்குடிக்குப் போய்ப் பத்து நாள் தங்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் அப்போது நாற்றங்காலில் கத்தரியும் மிளகாயும் முளைத்து நின்றன. பன்னிரண்டு வீட்டுக்குமான நாற்று. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம்தான் கொடுப்பார் என்று நினைத்தேன். நாற்றங்கால் இருந்ததே என் பின்கதவுக்கு நேராகத்தான். அக்கா ஜமீலாவிடம் கொடுத்தார். "ஒனக்கு வெயில் ஆகாது அமலி, நீ இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அது நோன்பு மாதம். ஜமீலா விடியுமுன் சாப்பிட்டு, பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பவர். வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். அக்கா ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

முதல் நாள் நான் வைத்தது கவனக்குறைவு என்று சொல்லலாம். முதல் கழுநீரும் இரண்டாம் கழுநீரும் ஒரே வாளிக்குள் போய்விட்டன. ஜமீலா வந்து, பக்கத்தில் இருந்த என் வாளியை எடுத்து அப்படியே நாற்றங்காலுக்குத் தெளித்தார். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டு நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் போர்க் குழாயைத் திறந்து மஞ்சள் வாளியை நிறைத்து, மேலே கொஞ்சம் கழுநீரை ஊற்றிக் கலக்கினேன். என் வீட்டு போர் புதிது, ஆழம் அதிகம். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. மூன்றாம் நாளும் வைத்தேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல ஜமீலா வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்தது. குடித்தேன். ருசியாக இருந்தது. மறுநாளும் அதே வாளியை நிறைத்துக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாரம் நடந்தது இது.

அக்கா திரும்பி வந்தபோது நாற்றெல்லாம் ஓரம் கருகித் தலை சாய்ந்து கிடந்தது. மண் வெளுத்திருந்தது. அன்று மாலை கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். உப்புத் தண்ணீர் போயிருக்கிறது என்று கருப்பையா அண்ணன் பார்த்ததும் சொல்லிவிட்டார். ஜமீலாவைப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தாயா அம்மா என்று கேட்டார். "நோன்பு வச்சிருந்தேன் அண்ணே" என்றார் ஜமீலா. முடியாது என்றால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஒரு சீசன் காய் போச்சே என்ற வயிற்றெரிச்சல் அவர்களுக்கு. நான் ஓரமாக நின்றேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அக்கா அதுவரை குனிந்து செத்த நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று சொன்னார்:

"நோன்புக்காரிகிட்ட ருசி பாக்குற வேலையக் குடுத்துட்டுப் போனவ நானு. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

அக்காவை யார் திட்டுவார்கள்? கூட்டம் கலைந்தது. ஆனால் பேச்சு கலையவில்லை. ஜமீலா ஒரு மாதம் தோட்டத்துக்கு வரவில்லை. அந்த மாதம் அக்கா தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு விளக்கு வைக்கும் வரை அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தங்கச்சியின் அருமை இப்போதுதான் தெரிகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். வீடு கட்டிய பலன் கிடைத்துவிட்டது என்றுகூட என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

பிறகு அக்காவே போய் ஜமீலாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மறுபடியும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஆனால் நாற்றங்கால் பொறுப்பை அதற்குப் பிறகு யாரும் ஜமீலாவுக்குக் கொடுக்கவில்லை. ஜமீலா கை பட்டால் நாற்று கருகும் என்று ஒரு கேலி தெருவில் நிலைத்துவிட்டது. அவர் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு தொடக்கத்திலிருந்தே அக்காவின் உடல் இறங்கத் தொடங்கியது. சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் ஜமீலாவும் மாறி மாறி இருந்தோம். அதிலும் எனக்குப் போட்டிதான். அக்கா யார் கையால் கஞ்சி குடிக்கிறார், யாரைத் தேடுகிறார் என்று கவனித்துக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் மத்தியானம் நாங்கள் இருவருமே இருந்தோம். அக்கா ஜமீலாவைப் பார்த்து, "நீ வெளிய போய்க் கொஞ்சம் உக்காரும்மா. நான் அமலிகூடத் தனியா இருக்கணும்" என்றார். ஜமீலா எழுந்து போனார். எனக்கு அன்று தலை நிமிர்ந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்காவின் தலையை வாரிப் பின்னிவிட்டேன். தங்கச்சிமடத்துக் கதைகள், அய்யா வள்ளம், என் பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷன் என்று ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசினேன். அக்கா கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். "வேற எதுவும் இருக்கா அமலி?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை, நீ தூங்கு என்றேன். நான்காம் நாள் விடியற்காலையில் அக்கா கண்ணை மூடினார். நற்கருணை வாங்கி, பையன்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, அமைதியாகத்தான் போனார்.

இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோது அக்காவின் நல்ல குணங்களைத்தான் வரிசையாக எழுதினேன். தோட்டத்தைப் பற்றி எழுதும்போது ஜமீலா பெயர் வந்தது. பேனா நின்றுவிட்டது. மூன்று நாள் இழுத்தடித்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு வாசற்படியை அதுவரை நான் மிதித்ததில்லை. உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பில் டீயை வைத்துவிட்டு வந்தவரிடம் நின்றுகொண்டே சொன்னேன். நாற்றங்காலில் உப்புத் தண்ணீர் வைத்தது நான்தான், தெரிந்தேதான் வைத்தேன், மலரில் எழுதி எல்லோருக்கும் தெரியப்படுத்தப் போகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

ஜமீலா முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் டீச்சர்" என்றார். "அக்கா தூத்துக்குடியில இருந்து வந்த அன்னைக்கே நானும் அதுவும் வாளியெல்லாம் பாத்தோம். ஒங்க மஞ்ச வாளிக்குள்ள உப்புப் பூத்துக் கெடந்துச்சு. அக்கா குழாயடியில உக்காந்து தேங்கா நாரு போட்டுத் தேச்சுத் தேச்சு அதுவே கழுவுச்சு. பெறகு என் கையப் புடிச்சுக்கிட்டு, அமலி அவளா வந்து சொல்லுவா, அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காதம்மான்னுச்சு."

நான்கு வருடம் தெருவே கேலி செய்தபோதும் இந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அக்கா கேட்டுக்கிட்டாகளே என்றார், அது போதாதா என்பதுபோல. பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில என்னைய வெளிய போகச் சொன்னுச்சுல்ல டீச்சர், அது அதுக்குத்தான். அன்னைக்குச் சாயங்காலம் நான் உள்ள வந்ததும், இன்னும் சொல்லலம்மா, பயந்துக்கிட்டு இருக்கா போலன்னுச்சு."

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. இருவருமே அதை அணைக்கப் போகவில்லை.

நன்றி சொல்லித்தான் இந்தக் கட்டுரையை முடிக்க வேண்டும். மதுரையில் அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கை நடத்தித் தந்த பங்குத்தந்தைக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த தங்கச்சிமடத்து உறவினர்களுக்கும், அடக்கத்தன்று தங்கள் பாத்திகளில் பூத்ததையெல்லாம் பறித்துவந்து பெட்டியின் மேல் வைத்த ஐஸ் கம்பெனித் தோட்டத்துப் பன்னிரண்டு வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வீட்டாரும் இதைப் படித்த பிறகு ஜமீலா கையைப் பற்றி இனிமேல் எதுவும் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜமீலா, உங்களுக்கும் நன்றி. எனக்காக அக்கா காத்துக்கொண்டிருந்த மூன்று வருடமும் அவருக்குத் துணையாகக் காத்திருந்தவர் நீங்கள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை என்று அக்கா கடைசியாகச் சொன்னதைக் கேட்டவரும் நீங்கள்தான். என் அக்காவைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் இந்த நிமிடமும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் கும்பிடுகிறேன்.

தங்கை அமலி